செங்கோண முக்கோணத்தில் பக்கம் தப்பாக வருகிறதா? விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் தெரிந்தால் மூன்றாவது கிடைத்துவிடும். ஒரு பக்கமும், செங்கோணம் தவிர இன்னொரு கோணமும் தெரிந்தாலும் மீதி இரண்டு பக்கங்கள் கிடைத்துவிடும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றமாக ஆரம்பித்து, ஒன்பதில் முக்கோணவியல், பத்தில் உயரங்களும் தொலைவுகளும் என்று இந்தக் கணக்கு கூடவே வரும்.

இதில் சூத்திரம் தெரியாமல் மாட்டுபவர்கள் குறைவு. சூத்திரம் மனப்பாடமாக இருக்கும், விடை மட்டும் தப்பாக வரும். அப்போது பலரும் எழுதியதை மொத்தமாக அடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி போடுகிறார்கள். பழகிய கை அதே தப்பைத்தான் திரும்பச் செய்யும். அடிப்பதற்கு முன் அந்தத் தப்பான விடையை ஒரு நிமிடம் பாருங்கள். எது எதைவிடப் பெரிதாக வந்திருக்கிறது, எவ்வளவு பெரிதாக வந்திருக்கிறது என்று பார்த்தாலே பிசகிய இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதற்கு முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம். மூன்று பக்கங்களில் அதுதான் நீளமானது. ஆனால் மற்ற இரண்டில் பெரியதைப் போல 1.42 மடங்கை அது ஒருபோதும் தாண்டாது. செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 6, 8 என்றால் கர்ணம் 8-க்கு மேலே, 11.4-க்குக் கீழே. இந்த எல்லைக்கு வெளியே என்ன வந்தாலும் தப்பு. கணக்குப் போடும் முன்பே இதை ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

6, 8 கொடுத்தால் 10 வர வேண்டும். வேறு ஏதோ வருகிறது

என்ன வந்தது என்று பாருங்கள்.

100 வந்தால் வர்க்கமூலம் எடுக்க மறந்துவிட்டீர்கள். 36-ம் 64-ம் சேர்ந்து 100 என்பது கர்ணத்தின் வர்க்கம். கர்ணம் இன்னும் வரவில்லை.

14 வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வர்க்கமூலம் எடுத்துக் கூட்டியிருக்கிறீர்கள். √(36 + 64) என்பதும் √36 + √64 என்பதும் ஒன்றல்ல. இரண்டு பக்கங்களை அப்படியே கூட்டினால் வருவதும் இதே 14தான். முனைக்கு முனை சாய்வாகப் போகும் வழியும், மூலையைச் சுற்றிப் போகும் வழியும் ஒரே நீளமாக இருக்க முடியாது. கர்ணம் சரியாக இரண்டு பக்கங்களின் கூடுதலாக வந்தால் வேறு காரணம் தேட வேண்டாம், இதுதான்.

5.29 வந்தால் வர்க்கம் என்பதற்கு இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள். 12 + 16 = 28, √28 = 5.29. கர்ணம் 8-ஐ விடச் சின்னதாக வந்த உடனே சந்தேகப்பட்டிருக்க வேண்டிய விடை இது. இந்தப் பழக்கம் உள்ளவர்கள் வர்க்கக் குறியைப் பார்த்ததும் 6 × 6, 8 × 8 என்று விரித்து எழுதிப் பழகினால் சீக்கிரம் சரியாகிவிடும்.

70 வந்தால் பிழை உங்களிடம் இல்லை, கால்குலேட்டரில் தட்டிய விதத்தில் இருக்கிறது. அடைப்புக்குறி போடாமல் √ அழுத்தி, 6² + 8² என்று தட்டினால் பல கால்குலேட்டர்கள் மூலத்தை முதல் எண்ணோடு நிறுத்திவிடும். 6-ம் 64-ம் சேர்ந்து 70 ஆகிவிடும். √ அழுத்தியதும் அடைப்புக்குறியைத் திறந்து, இரண்டு வர்க்கங்களையும் கூட்டி, மூடிய பிறகுதான் சமக்குறி. எண்கள் மேலும் கீழுமாகப் புத்தகத்தில் இருப்பதுபோலத் தெரியும் புது வகைக் கால்குலேட்டர்களில், மூலக்குறியின் கூரை இரண்டு எண்களையும் மூடியிருக்கிறதா என்று திரையில் பார்த்தாலே போதும்.

கண்டுபிடித்த பக்கம் கர்ணத்தைவிடப் பெரிது

கர்ணம் 13, ஒரு பக்கம் 5. விடை 13.93 வந்திருக்கிறது. கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள். 169-லிருந்து 25-ஐக் கழித்தால் 144, பக்கம் 12. கூட்டியதால் 194 ஆகி, அதன் மூலம் 13.93 ஆனது.

இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம், பாடம் ஆரம்பிக்கும்போது வரும் பயிற்சிகள் எல்லாம் கர்ணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்பவையாக இருப்பதுதான். பிதாகரஸ் என்றாலே கூட்டு என்று கை பழகிவிடுகிறது. எண்களை உள்ளே போடுவதற்கு முன், தேடுவது கர்ணமா, பக்கமா என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். கர்ணம் என்றால் கூட்டல், பக்கம் என்றால் கழித்தல். இதைத் தவிர வேறு குறுக்குவழி எதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

கால்குலேட்டர் 'மேத் எரர்' காட்டுகிறது

மூலக்குறிக்குள் குறை எண் விழுந்திருக்கிறது என்று பொருள். இது நல்ல அறிகுறி. தப்பான விடையைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்காமல், இயந்திரமே நிறுத்திக் காட்டுகிறது.

முதல் காரணம், கர்ணத்தை அடையாளம் கண்டதில் தவறு. சாய்வாக இருப்பதுதான் கர்ணம் என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. புத்தகப் படங்களில் செங்கோணம் பெரும்பாலும் கீழே ஒரு மூலையில் இருப்பதன் விளைவு இது. படத்தைத் திருப்பிப் போட்டு, செங்கோணம் உச்சியில் வந்தால், கீழே படுக்கையாக இருக்கும் கோடுதான் கர்ணம். சாய்வாக இருக்கும் இரண்டும் சாதாரணப் பக்கங்கள். செங்கோணத்தைக் குறிக்கும் சின்னச் சதுரத்தில் விரலை வையுங்கள். அந்த மூலையைத் தொடாத பக்கம் எதுவோ அதுதான் கர்ணம். வீட்டுப்பாடத்தில் படம் குழப்பினால் நோட்டைத் திருப்பிப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம். தாளில் இன்னொரு முறை வரைந்துகொண்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது காரணம் அலகு. 2.5 மீட்டர் ஏணி, சுவரிலிருந்து 70 செ.மீ. தள்ளி ஊன்றியிருக்கிறது, எவ்வளவு உயரத்தில் சுவரைத் தொடும்? அப்படியே போட்டால் 6.25-லிருந்து 4900-ஐக் கழிக்க வேண்டி வரும். எரர் வராமல் என்ன செய்யும்? இரண்டையும் செ.மீ. ஆக்குங்கள். 250-ன் வர்க்கம் 62500, 70-ன் வர்க்கம் 4900, வித்தியாசம் 57600, மூலம் 240. சுவரில் 2.4 மீட்டர் உயரம்.

மூன்றாவது, ஆயத்தொலைவுகளில் வரும் கழித்தல் குறி. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமும் செங்கோண முக்கோணத்தின் கர்ணம்தான். (2, 9), (−3, −3) என்ற புள்ளிகளுக்குப் படுக்கை வித்தியாசம் −5, நிலை வித்தியாசம் −12. கால்குலேட்டரில் −5² என்று தட்டினால் அது முதலில் 5-ஐ வர்க்கமாக்கி, பிறகு குறியை ஒட்டி −25 என்று எடுத்துக்கொள்ளும். மற்றதும் −144 ஆகி, உள்ளே −169 நிற்கும். (−5)² என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் 13 வரும். இதைவிட எளிது, குறியை விட்டுவிட்டு 5, 12 என்று மட்டும் போடுவது. நீளத்துக்குத் திசை தேவையில்லை.

இதில் ஒரு வித்தியாசம் மட்டும் குறை எண்ணாக இருந்தால் எரர் வராது, அதுதான் ஆபத்து. −5-ம் 12-ம் என்றால் √(−25 + 144) = 10.91 என்று சாதுவான விடை வந்து நிற்கும். கர்ணம் 12-ஐ விடச் சின்னதாக இருக்கிறதே என்று பார்ப்பவர்கள் மட்டும்தான் பிடிப்பார்கள்.

இந்த மூன்றும் இல்லையென்றால் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். கர்ணம் 15, பக்கம் 17 என்று நிஜமாகவே அச்சாகியிருந்தால், அப்படி ஒரு செங்கோண முக்கோணம் கிடையாது.

விடை ஏறக்குறைய சரி, கடைசி இலக்கம் மட்டும் ஒட்டவில்லை

விடைப்பட்டியலில் 5√2 என்று இருக்கிறது, உங்களுக்கு 7.07 வந்திருக்கிறது என்றால் பிழையே இல்லை. 5√2, √50 இரண்டும் ஒன்றுதான், 7.07 அதன் தோராயம். கேள்வி எந்த வடிவத்தில் கேட்கிறதோ அந்த வடிவத்தில் எழுதுங்கள். √72-ஐச் சுருக்கும்போது 36 × 2 என்று பிரித்தால் 6√2 நேராக வரும். 9 × 8 என்று பிரித்து 3√8-ல் நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

நிஜமான பிழை வருவது இரண்டு முக்கோணங்கள் அடுத்தடுத்து வரும் கணக்குகளில். 2, 3, 6 அளவுள்ள பெட்டிக்குள் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோட்டின் நீளம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பகுதியின் மூலைவிட்டம் √13. அதை 3.6 என்று எழுதி, மறுபடி வர்க்கமாக்கினால் 12.96. அதோடு 36 சேர்த்து மூலம் எடுத்தால் 6.997. விடை 7. √13-ஐ √13 ஆகவே வைத்திருந்தால் அடுத்த படியில் அதன் வர்க்கம் 13, கூட்டினால் 49, சுத்தமாக 7. நடுவில் வரும் மூலத்தைத் தசமமாக மாற்றாதீர்கள். எப்படியும் அடுத்த வரியில் அதை வர்க்கமாக்கத்தான் போகிறீர்கள்.

சைன், காஸ் போட்டால் நீளம் குறை எண்ணாக வருகிறது

கால்குலேட்டர் டிகிரியில் இல்லை, கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியனில் இருக்கிறது. சைன் 30 தட்டிப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. −0.988 வந்தால் ரேடியன். 0.454 வந்தால் கிரேடியன் என்ற மூன்றாவது அலகில் நிற்கிறது, செங்கோணத்தை 100 பங்காகப் பிரிக்கும் முறை அது. திரையின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் எந்த அலகு என்று காட்டும்.

குறை எண்ணாக வந்தால் யாரும் கவனித்துவிடுவார்கள். எல்லா நேரமும் அப்படி வராது. 5 மீட்டர் ஏணி தரையோடு 40 டிகிரியில் சாய்ந்திருந்தால் உயரம் 5 × 0.643, அதாவது 3.21 மீட்டர். ரேடியனில் சைன் 40 என்பது 0.745, உயரம் 3.73 மீட்டர். பார்த்தால் சந்தேகமே வராத எண். அதனால் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் முதல் வேலையாக சைன் 30 தட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். எக்செல் போன்ற விரிதாள்களில் இன்னும் கவனம் தேவை. அங்கே சைன், காஸ், டேன் மூன்றும் ரேடியனில் மட்டும்தான் வேலை செய்யும். கோணத்தை முதலில் ரேடியனாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே கொடுக்க வேண்டும்.

உயரமும் தூரமும் இடம் மாறின மாதிரி இருக்கிறது

30 மீட்டர் கோபுரம். தரையில் ஓரிடத்திலிருந்து உச்சியைப் பார்த்தால் ஏற்றக்கோணம், அதாவது படுக்கைக் கோட்டிலிருந்து மேலே அளக்கும் கோணம், 60 டிகிரி. எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம்? சிலருக்கு 51.96 மீட்டர் என்று வரும்.

கணக்கை விட்டுவிட்டு நிலைமையை யோசித்துப் பாருங்கள். 45 டிகிரியில் பார்த்தால் உயரமும் தூரமும் சமம். 60 என்றால் கழுத்தை இன்னும் நிமிர்த்திப் பார்க்கிறோம், அதாவது பக்கத்தில் நிற்கிறோம். தூரம் 30-ஐ விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். டேன் 60 = எதிர்ப்பக்கம் ÷ அடுத்துள்ள பக்கம் = 30 ÷ தூரம். தெரியாதது பகுதியில் இருக்கிறது, அதனால் தூரம் = 30 ÷ 1.732 = 17.32. வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியதால் 51.96 வந்தது. அந்த 51.96 என்பது ஏற்றக்கோணம் 30 ஆக இருந்தால் சரியாக வரும் விடை. எதிர்ப்பக்கத்தையும் அடுத்துள்ள பக்கத்தையும் மாற்றிப் போட்டாலும் இதே எண்தான் வரும். ஆகவே இந்த அறிகுறி தெரிந்தால் இரண்டையும் சரிபாருங்கள். விகிதத்தைச் சரியாக எழுதினோமா, எழுதிய பிறகு தெரியாததைச் சரியாக வெளியே எடுத்தோமா.

எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் என்பவை பக்கங்களின் நிரந்தரப் பெயர்கள் அல்ல, எந்தக் கோணத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தவை. முக்கோணத்தின் மற்ற முனைக்குப் போனால் இரண்டும் இடம் மாறிவிடும். கர்ணம் மட்டும்தான் மாறாது. கொடுத்த கோணத்தில் பேனா முனையை வைத்து, முக்கோணத்துக்குள்ளே நேர் எதிரே ஒரு அம்புக்குறி போடுங்கள். அம்பு முட்டும் பக்கம் எதிர்ப்பக்கம். இந்த அம்பைப் போடாமல் சைனா, காஸா என்று யோசிக்கவே ஆரம்பிக்க வேண்டாம்.

30, 60 கோணங்கள் உள்ள முக்கோணத்தில் 1 : √3 : 2 விகிதத்தை மனப்பாடமாகப் போடுபவர்களுக்கும் இதேதான். சின்னக் கோணத்துக்கு எதிரே சின்னப் பக்கம். 30-க்கு எதிரே 1, 60-க்கு எதிரே √3, செங்கோணத்துக்கு எதிரே 2. கர்ணத்தில் √3-ஐப் போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. √3 என்பது 1.732, அது 2-ஐ விடச் சின்னது என்பது ஞாபகம் இருந்தால் மாறாது.

விடைக்கும் பட்டியலுக்கும் சரியாக 1.5 மீட்டர் வித்தியாசம்

பார்ப்பவரின் உயரத்தை விட்டுவிட்டீர்கள். 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணிலிருந்துதான் ஏற்றக்கோணம் அளக்கப்படுகிறது, தரையிலிருந்து அல்ல. மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று 45 டிகிரியில் உச்சியைப் பார்த்தால், மரத்தின் உயரம் 21.5 மீட்டர்.

இறக்கக்கோணக் கணக்கில் விடை மூன்றில் ஒரு பங்காக வருகிறது

60 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து படகைப் பார்க்கும் இறக்கக்கோணம் 30 டிகிரி. படகு 103.92 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும், 34.64 வந்திருக்கிறது. கோணத்தை விளக்கின் சுவரோடு சேர்த்து வரைந்துவிட்டீர்கள். இறக்கக்கோணம் கண்மட்டத்தில் போகும் படுக்கைக் கோட்டிலிருந்து கீழே அளக்கப்படுவது. உச்சியில் படுக்கையாக ஒரு புள்ளிக்கோடு வரைந்து, அதிலிருந்து 30-ஐக் குறியுங்கள். அதே கோணம் படகின் பக்கத்திலும் ஒன்றுவிட்ட கோணமாக வரும். அப்புறம் வழக்கமான ஏற்றக்கோணக் கணக்குதான்.

எல்லாப் படியும் சரி, ஆனாலும் விடை தப்பு

முக்கோணத்தில் செங்கோணம் இருக்கிறதா? இருசமபக்க முக்கோணத்தில் சமப் பக்கங்கள் 13, அடிப்பக்கம் 10, உயரம் என்ன என்று கேட்டால், √(169 − 100) = 8.3 என்று போட்டுவிடுகிறார்கள். 13-ம் 10-ம் சந்திக்கும் இடத்தில் செங்கோணம் இல்லை. உச்சியிலிருந்து செங்குத்துக்கோடு இறக்கினால்தான் செங்கோணம் பிறக்கிறது, அது அடிப்பக்கத்தை 5, 5 என்று பாதியாக்குகிறது. 169 − 25 = 144, உயரம் 12.

வர்க்கமூலம் இல்லாத பழைய வழியில் போட்டால் ஒத்துவரவில்லை

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றிவரும் ஒரு செய்யுள் வழி உண்டு. பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, சின்னப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் என்பது அதன் சாரம். 6, 8-க்குப் போட்டால் 8 − 1 + 3 = 10. 5, 12-க்குப் போட்டால் 12 − 1.5 + 2.5 = 13. அற்புதமாக வருகிறது. உடனே எல்லா முக்கோணத்துக்கும் இதையே போடுகிறார்கள்.

8, 15-க்குப் போட்டால் 17.125 வரும், உண்மையில் 17. 7, 24-க்குப் போட்டால் 24.5 வரும், உண்மையில் 25. இரண்டு வழிகளையும் சமன்படுத்தித் தீர்த்துப் பார்த்தால், பக்கங்கள் 4 : 3 அல்லது 12 : 5 என்ற விகிதத்தில் இருக்கும்போது மட்டும்தான் இது துல்லியமாகப் பொருந்தும். பகிர்பவர்கள் காட்டும் உதாரணங்களும் இந்த இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவையாகவே இருக்கும். சின்னப் பக்கம் பெரியதில் கால் பங்குக்கும் கீழே போனால் நிலைமை மோசம். 100-க்கும் 10-க்கும் போட்டால் 92.5 வருகிறது, கர்ணம் பக்கத்தைவிடச் சின்னதாகிவிடுகிறது.

அதற்காக இதை ஒதுக்க வேண்டியதில்லை. சின்னப் பக்கம் கால் பங்குக்குக் குறையாமல் இருந்தால் பிழை சுமார் 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மனக்கணக்காக ஒரு மதிப்பீடு போட இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. தேர்வுத்தாளில் விடையாக எழுதாதீர்கள், எழுதிய விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் சரியாக வருகிறது, இடத்தில் அளந்தால் வரவில்லை

வீட்டு வேலையில் இதற்கு முதல் காரணம் அடி, அங்குலம். 12 அடி 6 அங்குலத்தை 12.6 என்று தட்டிவிடுகிறார்கள். ஒரு அடிக்கு 12 அங்குலம், ஆகவே அது 12.5. 10 அடிக்கு 12 அடி 6 அங்குலம் உள்ள அறையின் மூலைவிட்டம் கிட்டத்தட்ட சரியாக 16 அடி. 12.6 என்று போட்டால் ஒரு அங்குலம் கூடுதலாக வரும், கட்டிய சுவர் பிசகிவிட்டதோ என்று வீணாகச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். விடையைப் படிப்பதிலும் அதே கவனம் வேண்டும். 16.5 அடி என்று கால்குலேட்டர் காட்டினால் டேப்பில் 16 அடி 6 அங்குலம் பார்க்க வேண்டும், 5 அங்குலம் அல்ல.

இரண்டாவது, மூலையைச் சின்ன அளவில் சோதிப்பது. மூலை செங்கோணமா என்று பார்க்க 3 அடி, 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று மேஸ்திரிகள் நூல் பிடித்துப் பார்ப்பார்கள். முறை சரிதான். ஆனால் இவ்வளவு சின்ன அளவில் குறுக்களவு ஒரு அங்குலம் கூடினால் கோணம் 2 டிகிரி விரிந்துவிடும். அதையே 30 அடிக்கு நீட்டிக்கொண்டு போனால் சுவரின் கடைசியில் ஒரு அடிக்கு மேல் விலகும். 9, 12, 15 என்று மூன்று மடங்காகக் குறித்தால் அதே ஒரு அங்குலப் பிசகு 30 அடியில் சுமார் 4 அங்குலமாகக் குறைந்துவிடும். இடம் இருக்கும் வரை பெரிய மடங்கையே எடுங்கள். 15-க்கு மேல் வந்தால் மூலை விரிந்திருக்கிறது, கீழே வந்தால் குறுகியிருக்கிறது. ஆணியை நகர்த்தி, நூலை மறுபடி இழுத்துக் கட்டிவிட்டு, டேப் தொய்யாமல் இரண்டு பேராகப் பிடித்து அளந்து பாருங்கள்.